ஒரே தாளில் மூன்று மொழி: லிப்ரே ஆபீஸில் தமிழ், மலாய் பிழைதிருத்தி சேர்த்துப் பார்த்தேன்

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரில், பல நேரம் ஒரே தாளில் அடிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழுக்கும் மலாய்க்கும் பிழைதிருத்தி அகராதிகளைச் சேர்த்து என் கடையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேர்த்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது. இன்டர்நெட் லைன் போய்விட்டாலும் வேலை செய்யும். ஆனால் அகராதியைச் சேர்ப்பது பாதி வேலைதான். எந்தப் பத்தி எந்த மொழி என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பதும், நம் ஊர்ச் சொற்களை நாமே ஏற்றி வைப்பதும் மீதிப் பாதி. அந்த மீதியைச் செய்யாமல், பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடாக இருக்கிறது என்று கழற்றிப் போட்டவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய.

என் கடை மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் ஊர். டைப்பிங், போட்டோஸ்டேட், லேமினேட், அழைப்பிதழ் அச்சு எல்லாம் உண்டு. சுற்றிலும் தோட்டங்கள். எல்பில், டவன்பி, ஹேவுட் என்று வெள்ளைக்காரர் காலத்துப் பெயர்கள் இன்னும் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகைகளில் இருக்கின்றன. ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா என்றால் என்னிடம் ஒரே நேரத்தில் மூன்று வேலை வரும். தமிழில் நோட்டீஸ். போலீஸ் அனுமதிக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் மலாயில் கடிதம். தோட்ட மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். மூன்றிலும் கோவில் பெயர், தலைவர் பெயர், தேதி எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இதற்கு நடுவில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்ட அறிவிப்பு வரும், கல்யாணப் பத்திரிகை வரும், கருமக்கிரியை நோட்டீஸ் வரும்.

கருமக்கிரியை நோட்டீஸ் வரும்போது எனக்குக் கூடுதல் கவனம். வீட்டுக்காரர்கள் துக்கத்தில் இருப்பார்கள். நாம் நீட்டும் தாளைச் சரியாகப் படித்துப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அந்தத் தாளைப் பிறகு பத்திரமாக எடுத்து வைப்பார்கள். பேரப்பிள்ளைகள் பெயர் வரிசையில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது அந்த வீட்டு அலமாரியில் அப்படியே இருக்கும். அதனால்தான் பிழைதிருத்தி விஷயத்தில் நான் இவ்வளவு நேரம் செலவழித்தேன்.

சரி, பொருளுக்கு வருகிறேன். லிப்ரே ஆபீஸ் 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. உள்ளே பிழை பார்க்கும் இயந்திரத்தின் பெயர் ஹன்ஸ்பெல். லாஸ்லோ நேமெத் என்ற ஹங்கேரிக்காரர் தம் மொழிக்காக உருவாக்கியது. ஹங்கேரிய மொழியும் தமிழ் மாதிரியே ஒட்டுநிலை மொழி. ஒரு சொல்லின் வாலில் விகுதி மேல் விகுதியாக ஒட்டிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கென்று செய்த பழைய பிழைதிருத்திகள் பெரும்பாலும் சொற்பட்டியலைத்தான் நம்பியிருந்தன. ஹன்ஸ்பெல்லில் ஒரு மொழிக்கு இரண்டு கோப்பு: ஒன்றில் சொற்கள், இன்னொன்றில் ஒட்டு விதிகள். தமிழுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு தேவை என்பது 'தோட்டம்' என்ற ஒரு சொல்லை எடுத்தாலே தெரியும். தோட்டத்தில், தோட்டத்திலிருந்து, தோட்டத்திலிருந்தும், தோட்டத்துக்காக, தோட்டத்தாரோடு... எட்டு வேற்றுமையும் உம், ஏ, ஓ இடைச்சொற்களும் சேர்ந்தால் இதையெல்லாம் தனித்தனியாகப் பட்டியலில் எழுதி வைக்க யாராலும் முடியாது. விதி வேண்டும். பயர்பாக்ஸும் குரோமும்கூட இதே ஹன்ஸ்பெல்லைத்தான் பயன்படுத்துகின்றன.

நிறுவுவதில் சிரமம் இல்லை. லிப்ரே ஆபீஸைத் தரவிறக்க 300 எம்பிக்கு மேல் ஆகும், அதை நல்ல லைன் இருக்கும் இடத்தில் செய்துகொள்ளுங்கள். அகராதிகள் சின்னக் கோப்புகள்தான். ஓஎக்ஸ்டி என்று முடியும் கோப்பாகக் கிடைத்தால் டூல்ஸ் மெனுவில் எக்ஸ்டென்ஷன் மேனேஜரைத் திறந்து சேர்க்க வேண்டும், பிறகு மென்பொருளை ஒரு முறை மூடித் திறக்க வேண்டும். மொழிப் பட்டியலில் தமிழுக்குப் பக்கத்தில் ஏபிசி என்ற குறியும் டிக்கும் வந்தால் அகராதி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கடுத்த படியில்தான் முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுகிறார்கள். ஆப்ஷன்ஸில் மொழிகளுக்கான பக்கத்தைத் திறந்தால் ஆவணத்தின் இயல்பு மொழி என்று மூன்று வரிசை இருக்கும்: வெஸ்டர்ன், ஏசியன், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட். நாம் ஆசியாவில் இருக்கிறோம், அதனால் தமிழ் ஏசியனில் இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. அது சீனம், ஜப்பான், கொரிய மொழிகளுக்கான வரிசை. தமிழ் இருப்பது மூன்றாவதில், அரபு, இந்தி, தாய் மொழிகளோடு. அந்த வரிசைக்குப் பக்கத்துப் பெட்டியில் டிக் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வரிசைப் பிரிப்பினால் நமக்கு ஒரு பெரிய லாபம். தமிழ் ஒரு வரிசையிலும் ரூமி எழுத்து (மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான ரோமன் எழுத்து) மொழிகள் இன்னொரு வரிசையிலும் இருப்பதால், ஒரே வாக்கியத்துக்குள் தமிழும் மலாயும் கலந்து வந்தாலும் குழப்பம் இல்லை. 'எதிர்வரும் சனிக்கிழமை' என்று தமிழில் அடித்துவிட்டு, மண்டபத்தின் முகவரியை அதே வரியில் ரூமியில் அடித்தால், தமிழ் எழுத்தைத் தமிழ் அகராதியும் ரூமி எழுத்தை மலாய் அகராதியும் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. நாம் எதையும் மாற்ற வேண்டாம். மூன்று மொழி ஊர்க்காரர்களுக்கு லிப்ரே ஆபீஸை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் அந்தச் சௌகரியம் கிடையாது. இரண்டும் ஒரே எழுத்து, ஒரே வரிசை. மலாயை இயல்பு மொழியாக வைத்தால் ஆங்கிலக் கடிதம் முழுக்கச் சிவப்பு, ஆங்கிலத்தை வைத்தால் மலாய்க் கடிதம் முழுக்கச் சிவப்பு. திரையின் அடிப்பட்டையில் மொழியின் பெயர் தெரியும், அதைக் கிளிக் செய்து பத்தி பத்தியாக மாற்றலாம். நாள் முழுக்க அடிக்கிறவர்களுக்கு அது கைவலி. நான் செய்திருப்பது இப்படி: எஃப் 11 அழுத்தினால் ஸ்டைல் பலகை வரும். அதில் 'மலாய்ப் பத்தி', 'ஆங்கிலப் பத்தி' என்று இரண்டு ஸ்டைல் உருவாக்கி, எழுத்துரு பக்கத்தில் மொழியையும் அதிலேயே குறித்துவிட்டேன். பெயர்ப் பட்டியலுக்கு மூன்றாவதாக ஒன்று, அதன் மொழி 'நன்' (None). பிழை பார்க்காதே என்று அர்த்தம். உபயக்காரர்கள் பெயர் வரிசையைப் பிழைதிருத்தியிடம் விடுவதில் பயன் இல்லை. அதை மனிதர்தான் பார்க்க வேண்டும். பிறகு இந்த ஸ்டைல்களோடு ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்து, அதையே இயல்பு டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டேன். புதுத் தாள் திறந்தால் எல்லாம் தயாராக இருக்கும்.

மலாய் அகராதி பற்றி ஓர் எச்சரிக்கை. லிப்ரே ஆபீஸோடு இந்தோனேசிய அகராதி சேர்ந்தே வருகிறது. இரண்டும் ஒன்றுதானே என்று அதையே போட்டுக்கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. வேண்டாம். 1972-இல் இரண்டு நாடும் எழுத்துமுறையை ஒன்றாக்கிக்கொண்டது உண்மை, ஆனால் சொற்கள் எல்லாம் ஒன்றாகிவிடவில்லை. நம்முடைய 'கெரானா' அங்கே 'காரெனா'. நம் 'வாங்' அங்கே 'உவாங்'. தேதி எழுதும்போது இன்னும் மோசம். மார்ச் மாதத்தை நாம் 'மாச்' என்போம், அவர்கள் 'மாரெட்' என்பார்கள். ஆகஸ்டு இங்கே 'ஓகோஸ்', அங்கே 'ஆகுஸ்துஸ்'. நகராண்மைக் கழகத்துக்குப் போகும் கடிதத்தில் தேதியே சிவப்பாக நின்றால், விவரம் தெரியாத பிள்ளை அது சொல்லும் திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடும். மலாய்க்கென்றே அகராதி இருக்கிறது, அதைச் சேருங்கள். ஆங்கிலத்தில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் வேறு சிக்கல் இல்லை.

ஊர்ப் பெயரிலும் இதே மாதிரி ஒன்று கவனிக்க வேண்டும். பழைய தோட்ட ஆவணங்களில் சுங்கை என்பதை ரூமியில் கடைசிக்கு முன்னால் 'ஈ' (e) எழுத்து வைத்து எழுதியிருப்பார்கள். இப்போதைய முறையில் அங்கே 'ஏ' (a). மலாய் அகராதி பழையதைச் சிவப்பாக்கும். தோட்ட நிறுவனத்தின் பதிவுப் பெயரிலேயே பழைய எழுத்து இருந்தால் அதை மாற்றக் கூடாது. பதிவில் உள்ளபடிதான் எழுத வேண்டும்.

விண்டோஸில் மொழி சேர்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். செட்டிங்ஸில் நேரமும் மொழியும் என்ற பகுதியில் மொழியைச் சேர்க்கலாம். தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு வகை உண்டு. மலேசியா என்று பார்த்ததும் நம் ஆட்கள் அதைத்தான் அழுத்துவார்கள், ஆசை நியாயம்தான். நான் இந்தியத் தமிழைத்தான் சேர்க்கச் சொல்கிறேன், தமிழ் அகராதிகள் பொதுவாக இந்தியத் தமிழ் என்ற குறியீட்டோடுதான் வருகின்றன. ஒரு கம்ப்யூட்டர் கடையில், "இது சிங்கிள் லாங்குவேஜ் விண்டோஸ், வேற மொழி போட முடியாது" என்று சொல்லி ஒரு வாத்தியாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு மெனுக்கள் தெரியும் மொழிக்கு மட்டும்தான். தட்டச்சுக்கும் பிழைதிருத்திக்கும் எத்தனை மொழி வேண்டுமானாலும் சேர்க்கலாம். அவருடைய மடிக்கணினியில் நானே சேர்த்துக் கொடுத்தேன். ஒரு தொந்தரவு உண்டு: விண்டோஸில் மொழி சேர்த்தால் அதன் விசைப்பலகையும் கூடவே வரும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு தமிழ் விசைப்பலகை ஆகிவிடும். எது ஓடுகிறது என்று பார்த்து அடிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

மைக்ரோசாப்ட் வேர்டிலும் தமிழ், மலாய் சேர்க்கலாம். பணம் கட்டி வைத்திருப்பவர்கள் அதிலேயே இருங்கள், ரிவ்யூ தாவலில் மொழியைக் குறிக்க வழி இருக்கிறது. மொழியைத் தானே கண்டுபிடிக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுவேன். ஒரு வரி மலாய், ஒரு வரி ஆங்கிலம் என்று வரும் நோட்டீஸில் அது தடுமாறுகிறது.

இப்போது, தமிழில் எதைப் பிடிக்கிறது? எங்கள் பக்கம் தமிழ் அடிக்கிறவர்களில் பெரும்பாலோர் அஞ்சல் விசைப்பலகைக்காரர்கள். முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் இந்த நாட்டில் பிறந்தது. தமிழ்ப்பள்ளியில் கம்ப்யூட்டர் தொட்ட பிள்ளைகளின் விரல் அதற்குப் பழகியிருக்கிறது. அதில் சின்ன 'என்' அடித்தால் ன, ஷிப்டோடு அடித்தால் ண. 'எல்' ல, ஷிப்டோடு ள. 'ஆர்' ர, ஷிப்டோடு ற. 'இசட்' ழ. ஆகவே இங்கே வரும் பிழைகளில் பெரும்பகுதி அறியாமையால் வருவதில்லை. சுண்டு விரல் ஷிப்டை அழுத்தாமல் விட்டதால் வருவது. கன்னீர், பன்பாடு, வனக்கம், நன்ரி. இந்த வகைப் பிழையைத் தமிழ் அகராதி நன்றாகவே பிடிக்கிறது, வலது கிளிக்கில் சரியான சொல் பெரும்பாலும் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அவசரத்தில் விடுபட்ட கால், இரண்டு முறை விழுந்த புள்ளி, இவையும் மாட்டிக்கொள்கின்றன. சாயங்காலம் கண் அசந்திருக்கும் நேரத்தில் எஃப் 7 அழுத்தி ஒரு ஓட்டு ஓட்டினால் மனசு நிம்மதியாக இருக்கிறது.

பிடிக்காததும் இருக்கிறது. அதை விவரமாகச் சொல்வது என் கடமை, ஏனென்றால் கோடு இல்லை என்றால் பிழை இல்லை என்று நம்பிவிடுகிறார்கள்.

முதலாவது ஒற்று. ஹன்ஸ்பெல் ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்துப் பார்க்கிறது. பக்கத்துச் சொல் அதற்குத் தெரியாது. 'தமிழ் பள்ளி' என்று ஒற்று இல்லாமல் எழுதினால் தமிழும் சரி, பள்ளியும் சரி, கோடு விழாது. 'தமிழ்ப் பள்ளி' என்று முறையாக எழுதினால், ப் ஒட்டிய 'தமிழ்ப்' அதன் பட்டியலில் இல்லாமல் என் திரையில் சிவப்பாகிறது. சரியாக எழுதியதற்குக் கோடும், தவறாக எழுதியதற்கு அனுமதியும் கிடைக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் நாளடைவில் நாம் ஒற்றுகளையெல்லாம் விட்டுவிடப் பழகிவிடுவோம்.

இரண்டாவது, சேர்த்து எழுத வேண்டிய சொற்கள். 'நடைபெற்றுக்கொண்டிருக்கிறது' சிவப்பு. அதையே மூன்று துண்டாக உடைத்தால் சிவப்பு போய்விடும். என் அண்ணன் மகள் பள்ளி விடுமுறையில் கடைக்கு உதவி செய்ய வருவாள், கெட்டிக்காரப் பிள்ளை. "அத்தை, உடைச்சுப் போட்டா கோடு போயிருது பாருங்க" என்று சந்தோஷமாகக் காட்டினாள். வேண்டாம் கண்ணு, கோடு இருந்துவிட்டுப் போகட்டும், தமிழை உடைக்காதே என்றேன். கோட்டுக்காகத் தமிழை மாற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சரியான சொல்லுக்குக் கோடு வந்தால் அந்தச் சொல்லை அகராதியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் ஆபத்து. தவறாக அடித்ததும் ஒரு நல்ல சொல்லாக அமைந்துவிடுவது. பள்ளி பல்லி ஆனால் பிழைதிருத்திக்கு இரண்டும் ஒன்றுதான். வாழை வாளை, அறை அரை, பழம் பலம், கறை கரை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கடிதத் தலைப்பில் தமிழ்ப்பள்ளி தமிழ்ப்பல்லி ஆனால் யார் முகத்தில் முழிப்பது? இதற்கு லிப்ரே ஆபீஸில் அருமையான ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. ஆப்ஷன்ஸில் ரைட்டிங் எய்ட்ஸ் பக்கத்தில் புதிதாக ஒரு அகராதி உருவாக்கும்போது 'எக்ஸெப்ஷன்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் போட்டால் அது விலக்கு அகராதி. அதில் ஏற்றும் சொல் சரியான சொல்லாகவே இருந்தாலும் மென்பொருள் அதைப் பிழை என்று காட்டும், பதிலுக்கு எந்தச் சொல்லைக் காட்ட வேண்டும் என்றும் குறித்து வைக்கலாம். என் விலக்கு அகராதியில் பல்லி, பல்லியில், பல்லிக்கு எல்லாம் இருக்கின்றன, எதிரில் பள்ளி. பல்லி பற்றி எழுத வேண்டிய நோட்டீஸ் என் கடைக்கு வருவதில்லை. உங்கள் தொழிலில் எந்தச் சொல் வரவே வராதோ அதைப் பார்த்து நீங்கள் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி ஊர்ச் சொற்கள். தமிழ் அகராதியைச் செய்தவர்களுக்கு நம் வாழ்க்கை தெரிய நியாயமில்லை. கிராணி, தண்டல், லயம், பால்மரம், செம்பனை, ரிங்கிட், டத்தோ, துன், தாமான், ஜாலான், பேராக், ஈப்போ என எங்கள் நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் நிற்கும் சொற்களுக்கு என் திரையில் கோடு விழுந்துகொண்டே இருந்தது. நல்லெண்ணத்தோடு ஆரம்பித்தவர்களும் சலித்துப்போவது இங்கேதான். வலது கிளிக் செய்து அகராதியில் சேர் என்றால் ஒரு சொல் போகும். ஆனால் 'ஈப்போ'வைச் சேர்த்தால் 'ஈப்போவில்' சேராது, 'ஈப்போவிலிருந்து' சேராது. 2018-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து 'கிராமர் பை' என்று ஒரு வசதி இருக்கிறது: புதுச் சொல்லை ஏற்றும்போது, ஏற்கெனவே அகராதியில் உள்ள வேறொரு சொல்லை மாதிரியாகக் காட்டலாம். அந்தச் சொல் ஏற்கும் விகுதிகளை இதுவும் ஏற்றுக்கொள்ளும். நாம் சொல் ஏற்றும் பயனர் அகராதி அந்தந்த மொழிக்கென்று உருவாக்கியதாக இருக்க வேண்டும், எல்லா மொழிக்கும் பொதுவான அகராதியில் இது வராது. தமிழில் எல்லாச் சொல்லுக்கும் இது கைகொடுப்பதில்லை. கைகொடுக்கும் இடத்தில் வேலை மிச்சம். மற்ற இடத்தில் அடிக்கடி வரும் வடிவங்களைக் கையால் ஏற்றிவிடுகிறேன்.

பெயர்கள் தனிக் கதை. எல்பில் என்பதை எல்ஃபில் என்று எழுதுகிறவர்கள் உண்டு, எல்பில்லு என்றுகூடப் பார்த்திருக்கிறேன். ஒரே கோவில் நோட்டீஸில் மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் வரும். ஒரு கோவில் செயலாளர் என்னிடம், "அக்கா, சாமி பேரு தப்பா இருந்தாகூட மன்னிச்சிருவாங்க, உபயக்காரர் பேரு தப்பா இருந்தா கமிட்டியில பெரிய பஞ்சாயத்தாயிரும்" என்றார். தோட்டப் பெயர், பள்ளிப் பெயர், கோவில் பெயர் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நிர்வாகத்தைக் கேட்டு, அவர்கள் பலகையில் உள்ளபடி ஒரே வடிவத்தை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறேன். மகாத்மா காந்தி கலாசாலை என்றால் அவர்கள் எழுதுகிறபடிதான். வேறு வடிவம் அடித்தால் கோடு விழ வேண்டும், விழுகிறது. பிழைதிருத்தி எனக்குச் செய்யும் உதவிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

பழைய கோப்புகளோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன தலைமுறைத் தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்பில் பிழைதிருத்தி வேலையே செய்யாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் அகராதி பேச ஆரம்பிக்கும். மாற்றிய பிறகும் விசித்திரங்கள் இருக்கும். 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அகராதி ஒரு வகையில் எழுதப்பட்டு, கோப்பு இன்னொரு வகையில் இருந்தால், சரியான சொல்லுக்கும் கோடு விழும். சில மாற்றிகள் காலுக்குப் பதில் 'ர'வைப் போட்டுவிடும், ஔகாரக் குறிக்குப் பதில் 'ள'வை வைத்துவிடும். எந்தப் பிழையும் இல்லாத சொல் சிவப்பாக நின்றால், அந்தச் சொல்லை அழித்துவிட்டுத் திரும்ப அடித்துப் பாருங்கள். கோடு மறைந்தால் காரணம் இதுதான்.

பிரவுசரில் எழுதுகிறவர்களுக்குப் பயர்பாக்ஸ் நல்லது. 2022 மே மாதம் வந்த 100-ஆவது பதிப்பிலிருந்து ஒரே பெட்டியில் பல மொழி அகராதிகளைச் சேர்த்து ஓட்டலாம், எழுதும் பெட்டியில் வலது கிளிக் செய்து மொழிகளுக்கு டிக் போட்டால் போதும். குரோமில் 'என்ஹான்ஸ்டு' என்று ஒரு பிழைதிருத்தி இருக்கிறது. அதைப் போட்டால் நாம் அடிப்பது கூகுளுக்குப் போய்த்தான் திருத்தமாகி வரும். மைக்கார்டு (அடையாள அட்டை) எண்ணும் வீட்டு முகவரியும் அடிக்கும் கடைக்காரர்கள் சாதாரண வகையோடு இருங்கள். வாடிக்கையாளர் நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது.

ஒற்றுக்கும் கூட்டுச் சொல்லுக்கும் நான் இணையத்தில் நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய வாணி, நாவி என்ற பிழைதிருத்திகள் இரண்டையும் பயன்படுத்துகிறேன். வாணி எழுத்துப் பிழைக்கு, நாவி சந்திப் பிழைக்கு. தமிழ் இலக்கணம் தெரிந்து செய்த வேலை என்பது பார்த்தாலே தெரியும். லிப்ரே ஆபீஸில் முதல் ஓட்டு, பெயரும் எண்ணும் இல்லாத பத்திகளை மட்டும் நகலெடுத்து நாவியில் இரண்டாவது ஓட்டு, பிறகு தாளில் எடுத்து வாய்விட்டுப் படிப்பது. கருமக்கிரியை நோட்டீஸாக இருந்தால் வீட்டிலிருந்து நிதானமாக இருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பெயர்களைப் படித்துக் காட்டுகிறேன்.

யாருக்கு இது வேண்டாம் என்றால், தமிழ் மட்டும், அதுவும் எப்போதாவது ஒரு பக்கம் எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை, வாணியே போதும். தமிழ்ப்பள்ளி அலுவலகம், கோவில் கமிட்டி, சங்கச் செயலாளர், என் மாதிரி கடைக்காரர்கள் அவசியம் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் ஏற்றிய சொற்கள் எல்லாருக்கும் பயன்படும்: லிப்ரே ஆபீஸின் பயனர் கோப்புறையில் 'வேர்டுபுக்' என்ற இடத்தில் நம் அகராதிகள் சாதாரண உரைக் கோப்பாகவே இருக்கின்றன. அதை நகலெடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் அதே இடத்தில் வைத்துவிட்டு மென்பொருளைத் திறந்தால் சரி. கம்ப்யூட்டரை பார்மெட் செய்வதற்கு முன் இந்தக் கோப்புகளை மறக்காமல் எடுத்து வையுங்கள். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பெயர்களும் பள்ளிப் பெயர்களும் அடங்கிய என் பட்டியல் வேண்டுமானால் பென்டிரைவோடு கடைக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை இல்லை. உங்கள் தோட்டத்துப் பெயர் அதில் இல்லாவிட்டால், பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள், அதையும் ஏற்றிவிடலாம்.